இரண்டு மதாம் போர்தநாவ்

ரெஜிஸின் ஐம்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு நதேஜ் ரொட்டிக்கடையில் ஒரு ஆப்பிள் கேக் சொல்லி வைத்திருந்தாள். மதாம் போர்தநாவ், அதாவது திருமதி போர்தநாவ் என்று புருஷனின் குடும்பப் பேரைக் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் வாங்கப் போனபோது கடைக்காரி அர்லெத் முழித்தாள்.

"அது மத்தியானமே போயிடுச்சே! எதிர்க்கடைக்குக் குடுத்து அனுப்பிட்டேனே."

"எதிர்க்கடைக்கு எதுக்குங்க? சொன்னது நான்தானே?"

"மதாம் போர்தநாவ்னு எழுதியிருந்துச்சு. மதாம் போர்தநாவுக்கு அனுப்பிட்டேன்."

"நான்தாங்க மதாம் போர்தநாவ்."

"ஐயோ, ஆமாம்ல. நீங்களும்தான்," என்றாள் அர்லெத்.

அந்த 'உம்' இருக்கிறதே, அதுதான் நதேஜின் வயிற்றில் ஆறு வருஷமாக எரிந்துகொண்டிருந்த கொள்ளி.

எதிர்க்கடை என்றால் மருந்துக்கடை. பச்சைச் சிலுவை விளக்குக்குக் கீழே பெரிய எழுத்தில் 'போர்தநாவ் மருந்தகம்' என்று பலகை. கடைக்குச் சொந்தக்காரி எலியான், ரெஜிஸின் முதல் மனைவி. ரத்தாகிப் பத்து வருஷம் ஆன கல்யாணம். ரத்தானால் புருஷன் பேரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். ஆனால் புருஷன் ஒத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளலாம். ரெஜிஸ் ஒத்துக்கொண்டான். பலகையில் இருக்கிற பேர், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த பேர், மாற்றினால் வியாபாரம் கெடும் என்று எலியான் கேட்டாள். அவனும் தலையாட்டிவிட்டான். கடை நடத்துகிற வரைக்கும் பேர் அவளுக்கு என்று பத்திரத்தில் எழுதியாயிற்று.

கேக் அன்றைக்கே வீடு வந்து சேர்ந்தது. எலியானே காரை ஓட்டிக்கொண்டு மலையேறி வந்து, வாசல்படியில் வைத்துவிட்டு, மேலே ஒரு சீட்டுச் செருகிவிட்டுப் போயிருந்தாள். 'தவறி என்னிடம் வந்துவிட்டது. மன்னிக்கவும். ரெஜிஸுக்கு வாழ்த்துகள்.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சண்டை போட ஒரு எழுத்துக்கூட இடம் வைக்கவில்லை.

நதேஜ் அந்தக் கேக்கில் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை.

அவள் வடக்கே லீல் நகரத்துப் பக்கத்துக்காரி. பிறந்த பேர் பெத்தி. நாட்டில் எந்தத் தெருவில் கல்லெறிந்தாலும் ஒரு பெத்தி மண்டையில் விழும். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று பெத்தி இருந்தார்கள். அவளை 'பெத்தி மூணு' என்றுதான் வாத்தியார் கூப்பிடுவார். அந்தப் பேரில் அவளுக்குப் பெரிய பிடிப்பு எதுவும் கிடையாது. தெற்கே இந்தப் பிரெனே மலையில் நடக்க வந்து, முட்டி பிசகி, பனி தள்ளுகிற வண்டி ஓட்டும் ரெஜிஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போய், அப்புறம் நடந்ததெல்லாம் நடந்து, நாற்பத்தாறு வயதில் அவள் மதாம் போர்தநாவ் ஆனாள். எஸ்காலா ஊருக்கு மேலே, கல்வீட்டில் குடியேறினாள். வாசல் நிலைக்கு மேல் கல்லிலேயே அந்தப் பேர் செதுக்கியிருக்கும். முதல் நாள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இனிமேல் நான் மூணாம் நம்பர் இல்லை என்று நினைத்தாள்.

வந்து பார்த்தால் இரண்டாம் நம்பர்.

வைத்தியரிடம் நேரம் கேட்டு போன் பண்ணினால், "மருந்துக்கடை மதாமா?" என்பார்கள். "இல்லைங்க" என்றால், "ஓ, இன்னொருத்தங்களா?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வேலை அவளுக்கு. பிள்ளைகள் 'மதாம் நதேஜ்' என்று கூப்பிடும். பெரியவர்கள் பின்னால் பேசும்போது 'ரெஜிஸோட புதுசு'. ஆறு வருஷமாகியும் புதுசு. வீட்டில் ஒரு சாமான் ஆறு வருஷம் கிடந்தால் பழசு என்போம். அவளுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் அவளுக்கு விடிவு வருவது போல இருந்தது. எலியான் கடையை விற்கிறாள் என்று செய்தி. ஜூலை முப்பத்தொன்றோடு சாவி கைமாறுகிறது. கடை போனால் பேரும் போகும், பத்திரம் அப்படித்தான் சொல்கிறது. நதேஜ் நாள்காட்டியில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்தாள். ரெஜிஸ் கேட்டதற்கு, "எரிவாயு உருளை மாத்தற நாளு" என்றாள்.

ஜூலை நடுவில் ஒரு தபால் வந்தது. எலியானின் நோட்டரி அனுப்பியது. ஒரே ஒரு தாள். 'எலியான் தன் ஆயுள் முழுக்க போர்தநாவ் என்ற பேரைப் பயன்படுத்த நான் சம்மதிக்கிறேன்.' கீழே ரெஜிஸ் கையெழுத்துப் போட வேண்டிய கோடு.

ரெஜிஸ் அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினான். பேனாவை நதேஜ் முந்தி எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்ற?"

"நீ என்ன பண்ற? கடை போச்சு, பேரு எதுக்கு அவங்களுக்கு?"

"இருபத்தாறு வருஷம் அந்தப் பேருல இருந்திருக்கா, நதேஜ். எங்க பொண்ணுக்கும் அதே பேரு. ஒரு கையெழுத்துல என்ன குறைஞ்சுபோகுது?"

"உனக்கு ஒண்ணும் குறையாது. நீ ஆம்பள, பொறந்ததுல இருந்து ஒரே பேரு. நான் இந்தப் பேரோட தபால் நிலையத்துக்குப் போனா, 'எந்த மதாம்?'னு கேக்கறான். எந்த மதாமாம்! கையெழுத்து மட்டும் போட்டுப் பாரு, கையை ஒடிச்சிடுவேன்."

ரெஜிஸ் சண்டைக்காரன் இல்லை. பனிக்காலத்தில் பத்தடிப் பனியை வெட்டித் தள்ளுவான், வீட்டுக்குள் ஒரு பேச்சைத் தள்ளத் தெரியாது. தாளை மடித்து, காரின் முன்பெட்டிக்குள் போட்டான். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது.

இதற்கு நடுவில்தான் குடும்பக்கூட்டம்.

ஒரே பேர் உள்ளவர்கள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடி, சாப்பிட்டு, மரம் போல வம்சத்தை வரைந்து, 'நீ எனக்கு என்ன முறை' என்று விரல்விட்டுக் கணக்குப் போடுவார்கள். இங்கே பல குடும்பங்களில் இது உண்டு. போர்தநாவ் பேர்க்காரர்களுக்கு இதுதான் முதல் தடவை. ஏற்பாடு யார் என்றால், எலியான். பன்னிரண்டு வருஷமாக மாதா கோயில் ஏடுகள், ஊராட்சி ஏடுகள், பழைய தொலைபேசிப் புத்தகங்கள் என்று தோண்டித் துருவி, நாட்டில் எங்கெங்கே போர்தநாவ் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் கடிதம் எழுதியது அவள்தான். நூற்று எண்பத்துநான்கு பேர் வருவதாகப் பதில் வந்திருந்தது. உருகுவேயிலிருந்துகூட ஒருவர்.

"அந்த ரத்தத்துல ஒரு சொட்டு இல்ல, குடும்பத்துக்கே தலைவியா நிக்கறாங்க," என்றாள் நதேஜ்.

"உனக்கு மட்டும் ரத்தம் இருக்கா?" என்று ரெஜிஸ் கேட்டுவிட்டு, உடனே ஆடு கத்துகிறது என்று வெளியே போய்விட்டான். ஆடு கத்தவில்லை.

நதேஜ் இரண்டு வேலையைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒன்று சூப். இரண்டாவது, நெஞ்சில் குத்திக்கொள்கிற பேர் அட்டைகள். பிறப்பால் போர்தநாவ் என்றால் நீல அட்டை, கல்யாணத்தால் வந்தவர்களுக்கு மஞ்சள் என்று எலியான் பட்டியல் கொடுத்திருந்தாள். எலியான் தனக்கு என்ன நிறம் என்று மட்டும் பட்டியலில் எழுதவே இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா, தெரியாது.

நதேஜ் வெள்ளை அட்டை ஒன்று எடுத்தாள். நன்றாக அழுத்தி எழுதினாள். 'எலியான் லக்ராம்ப்.' அது எலியான் பிறந்த பேர். எழுதி முடித்து, ஊதிக் காயவைத்தபோது, சின்ன வயதில் அடுத்தவள் பொம்மையின் தலைமுடியை வெட்டியபோது வந்த அதே சுகம் வந்தது. அதே பயமும் வந்தது.

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. ஊர் மண்டபத்து வாசலில் மேசை போட்டு, அட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு நதேஜ் உட்கார்ந்திருந்தாள். கார் காராக வந்து இறங்கினார்கள். லூர்து பக்கத்திலிருந்து கிழவர் ஃபெர்னான் வந்தார். கையில் போர்வை சுற்றிய ஒரு பெரிய பலகை. பிரித்துக் காட்டினார். சிங்கமும் கத்தியும் போட்ட ஒரு கேடயச் சின்னம்.

"பாத்தியாம்மா? நம்ம வம்சத்துச் சின்னம். சிலுவைப் போருக்குப் போனவங்க நம்ம ஆளுங்க."

"எங்க கிடைச்சுது ஐயா?"

"தபால்ல வரவழைச்சேன். பேரை எழுதிப் போட்டா அவங்களே கண்டுபிடிச்சு அனுப்பறாங்க."

உருகுவேக்காரர் வாஷிங்டன் போர்தநாவ், எழுபது வயது, இடுப்பு அகலப் பெல்ட், வாயில் பாதி ஸ்பானிஷ். கொள்ளுத்தாத்தா இந்த மலையிலிருந்து கப்பலேறியவர். நீல அட்டையைக் குத்திக்கொண்டு, நதேஜின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "கசின், கசின்" என்று கண்கலங்கினார். அவருக்கு முன்பின் யார் வந்தாலும் கசின்தான். மண்டபத்துக் கதவு திறக்க வந்த ஊராட்சி ஆளைக்கூடக் கட்டிப்பிடித்தார்.

பத்து மணிக்கு எலியான் வந்தாள். வெளிர்நீலச் சட்டை, கழுத்தில் கண்ணாடி தொங்கியது, கையில் சுருட்டிய வரைபடம். ஐம்பத்தாறு வயது. நரையை மறைக்கவும் இல்லை, அது அவளுக்குக் குறையாகவும் இல்லை. நதேஜ் மாதம் ஒரு தடவை சாயம் பூசுகிறவள்.

"வணக்கம் நதேஜ். என்னோடது?"

நதேஜ் வெள்ளை அட்டையை நீட்டினாள்.

எலியான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். நதேஜ் மனதுக்குள் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். 'கடை வித்தாச்சுல்ல?', 'பத்திரத்தைப் படிச்சுப் பாருங்க', 'நான் என்ன தப்பா எழுதிட்டேன்?' எதற்கும் வேலை வரவில்லை.

"கையெழுத்து தெளிவா இருக்கு," என்றாள் எலியான். சட்டையில் குத்திக்கொண்டாள். நேராக இருக்கிறதா என்று ஜன்னல் கண்ணாடியில் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓங்கி ஒரு அறை கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஓங்கிய கல் தன் காலிலேயே விழுந்ததுபோல நதேஜ் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் சூப் பரிமாறினார்கள். மூன்று அண்டா. முட்டைக்கோஸ், வெள்ளை அவரை, உருளை, கொழுப்பில் வெந்த வாத்துக்கால். வடக்கத்திக்காரி கை வைத்த சூப் என்று இரண்டு கிழவிகள் முதலில் முகர்ந்து பார்த்தார்கள். அப்புறம் பேச்சே இல்லை, கரண்டிச் சத்தம்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அதில் சிவப்பு ஒயினை ஊற்றிக் கலக்கி, கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார்கள். சமைத்தவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இந்த மலையில் கிடையாது. நதேஜ் அண்டாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் முறையாக அவளுக்கு மூச்சு நிம்மதியாக வந்தது.

ஃபெர்னான் காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு எழுந்தார். மீசையெல்லாம் ஒயின்.

"இந்த மாதிரி சூப்பு எங்கம்மா செத்ததுக்கப்புறம் குடிக்கல! மதாம் போர்தநாவுக்கு எல்லாரும் ஒரு கைத்தட்டு!"

நதேஜ் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். நூற்று எண்பத்துநான்கு பேரும் அந்தப் பக்கம் திரும்பி எலியானுக்குக் கைதட்டினார்கள்.

எலியான் கையை ஆட்டி, "நானில்ல, நானில்ல, அவங்க" என்று அண்டாப் பக்கம் காட்டினாள். கைத்தட்டல் திரும்பி வந்தது. வரும்போது பாதியாகிவிட்டது. அடுத்தவள் வாய் வைத்துவிட்டுத் தந்த கரண்டி மாதிரி இருந்தது நதேஜுக்கு.

சாப்பாடு முடிந்ததும் எலியான் வரைபடத்தைச் சுவரில் மாட்டினாள். நாடு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். பாரிஸில் கொஞ்சம், போர்தோவில் கொஞ்சம், வடக்கே அங்கொன்று இங்கொன்று. கீழே, மலையடிவாரத்தில், நம்ம பக்கத்தில், அம்மை போட்டது மாதிரி நெருக்கம்.

"இந்த வரைபடத்தைப் பாத்தா என்ன தோணுது?" என்றாள் எலியான்.

"எல்லாரும் ஒரே வேரு! இங்கேருந்து பரவினோம்!" என்று ஃபெர்னான் கத்தினார். கேடயப் பலகையைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கூச்சல் போட்டார்கள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பதினோரு வருஷம் அந்த ஒரே தாத்தாவைத் தேடினேன். போன வருஷம்தான் புரிஞ்சுது. அப்படி ஒருத்தர் இல்ல."

ஃபெர்னான் தூக்கிய பலகையைக் கீழே இறக்கினார்.

"போர்துன்னா கொட்டகை, நம்ம பாட்டன் பாட்டிமார் பேசின பேச்சுல. நாவ்னா புதுசு. அவ்வளவுதான். ஊருக்கு ஊரு யாரோ ஒருத்தர் புதுசா ஒரு கொட்டகை கட்டினாரு. அதுல இருந்தவங்களைப் புதுக்கொட்டகைக்காரங்கன்னு கூப்பிட்டாங்க. இந்தப் பள்ளத்தாக்குல மட்டும் பதினாலு புதுக்கொட்டகை கண்டுபிடிச்சேன். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது."

"என்னது? அப்ப இந்தாளு எனக்கு என்ன முறை?" ஃபெர்னான் பக்கத்திலிருந்தவரைக் காட்டினார். காலையிலிருந்து அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு, ஒரே கிண்ணத்தில் குடித்துக்கொண்டிருந்த ஆள்.

"ஒரு முறையும் இல்ல, மிஸ்யோ ஃபெர்னான்."

"இவனுக்கு என் வாத்துக்காலைக் குடுத்துட்டேனே!"

மண்டபமே அதிர்ந்தது. அந்த ஆள் எழுந்து, "வேணும்னா எலும்பைத் திருப்பித் தர்றேன்" என்றான். ஃபெர்னான் கேடயத்தை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். வாஷிங்டன் மட்டும் சிரிக்கவில்லை. யாரோ பக்கத்தில் நிதானமாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் முகம் தொங்கிவிட்டது.

எலியான் விடவில்லை. "இன்னொண்ணு சொல்றேன். இந்த ஊரு புதுக்கொட்டகையையே எடுத்துக்குவோம். ரெஜிஸோட வீடு. அந்தக் காலத்துல மலைப்பக்கம் மூத்த பிள்ளைக்குத்தான் வீடு. ஆணோ பொண்ணோ, மூத்தது எதுவோ அது. மூத்தது பொண்ணா இருந்தா, கட்டிக்க வர்றவன் தன் வீட்டுப் பேரை வாசல்ல விட்டுட்டு உள்ள வரணும். இந்த வீட்டு ஏட்டுல மூணு தடவை அப்படி நடந்திருக்கு. லூஸ்தோ வீட்டுலேருந்து ஒருத்தன், கஸோ வீட்டுலேருந்து ஒருத்தன், இன்னொருத்தன் எங்கேருந்து வந்தான்னே தெரியல. மூணு பேரும் செத்தது போர்தநாவாத்தான். ரத்தம் மாறிக்கிட்டே இருந்துச்சு. பேரு வீட்டோட நின்னுச்சு. உள்ள வந்தவங்க போட்டுக்கிட்டாங்க, வெளிய போனவங்க விட்டுட்டுப் போனாங்க."

ரெஜிஸ் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "அப்ப நான் யாரு?" என்று முனகினான்.

வாஷிங்டன் கையைத் தூக்கினார். உடைந்த மொழியில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "மதாம். நான் ரொம்ப தூரம் வந்தேன். இந்த ஊருல, இன்னிக்கு, உண்மையான போர்தநாவ் யாரு? ஒருத்தரையாவது காட்டுங்க. போட்டோ எடுத்துக்கறேன்."

வரைபடத்திலிருந்து ஒரு புள்ளி கீழே விழுந்திருந்தது, எலியான் அதைக் குனிந்து எடுத்து, திருப்பிக் குத்தினாள்.

"பழைய முறைப்படி பாத்தா, அந்த வீட்டுல அடுப்பு மூட்டறவங்க. கூரை ஒழுகினா ஏறி ஓடு மாத்தறவங்க. அது ஆறு வருஷமா நதேஜ். என் அட்டையில சரியாத்தான் எழுதியிருக்கு. நான் லக்ராம்ப்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லாத் தலைகளும் அண்டாப் பக்கம் திரும்பின. வாஷிங்டன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து, வரைபடத்துக்கு முன்னால் நிறுத்தி, போட்டோ எடுத்தார். "மதாம் போர்தநாவ்! இங்க பாருங்க! சிரிங்க!" அர்லெத்தும் வந்திருந்தாள். அவளும் போட்டோ எடுத்தாள்.

நதேஜ் சிரித்தாள். ஆறு வருஷமாக ஏங்கியது இதற்குத்தான். ஊர் முன்னால், சத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் அந்தப் பேர் அவள்மேல் வந்து விழுந்துவிட்டது. ஆனால் கொடுத்த கை யாருடையது? கேக் மாதிரியேதான். தவறி என்னிடம் வந்துவிட்டது, இந்தா, வைத்துக்கொள். இனிமேல் ஆயுசுக்கும் யார் அவளை மதாம் போர்தநாவ் என்று கூப்பிட்டாலும், அது எலியான் போட்ட பிச்சை.

காபி ஊற்ற ஆரம்பித்ததும் அவள் எலியானைத் தேடிப் போனாள். மேடைக்குப் பின்னால், நாற்காலி அடுக்குகிற அறையில், எலியான் தனியாக உட்கார்ந்து வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"உண்மைங்கறதால சொன்னேன்."

"உண்மைக்காக மட்டும்தானா?"

எலியான் நிமிர்ந்து பார்த்தாள். "வேற எதுக்குன்னு நெனைக்கிறீங்க? அந்தத் தாளை ரெஜிஸ்கிட்ட கிழிச்சுப் போடச் சொல்லிடுங்க. நானே தேடிக் கண்டுபிடிச்சேன், வெளிய போனவங்க விட்டுட்டுப் போகணும்னு. அதை ஊருக்குச் சொல்லிட்டு நானே பேரை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

குரல் எப்போதும்போல நிதானம்தான். ஆனால் சுருட்டிய தாளைக் கட்ட ரப்பர் வளையம் போட்டாள், அது நழுவியது. மறுபடி போட்டாள், மறுபடி நழுவியது.

"ஒரு வாரமா கையெழுத்துப் பழகறேன்," என்றாள். "லக்ராம்ப்னு. கடையில மிச்சமிருந்த மருந்துச் சீட்டுப் பின்னாடி எழுதி எழுதிப் பாக்கறேன். ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு எழுதினது மாதிரி வருது. முப்பது வயசுல விட்ட பேரு, கையே மறந்துபோச்சு." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரப்பர் வளையத்தை மூன்றாவது தடவை எடுத்தாள்.

நதேஜுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமைதான். இழப்பதில்கூட இவள் என்னைவிட உசத்தியா? நான் ஒரு வெள்ளை அட்டையில் விஷத்தைத் தடவிக் கொடுத்தேன், அதைக் குத்திக்கொண்டு நின்று எனக்கே முடிசூட்டிவிட்டாளே. இப்படியே விட்டால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? 'எலியான் பெருந்தன்மையா விட்டுக்குடுத்தா, அதனால இவளுக்குக் கிடைச்சுது.' சாகிறவரை சொல்லும்.

அவள் திரும்பி நடந்தாள். வெளியே ஒன்பது கட்டையை நிறுத்திப் பந்தால் சாய்க்கும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த ரெஜிஸைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காருக்குப் போனாள்.

"என்ன ஆச்சு? என் முறை வந்துச்சு, விடு!"

முன்பெட்டியைத் திறந்து, தாளை எடுத்து, காரின் மூக்குமேல் விரித்தாள். ஏப்ரன் பையிலிருந்து பேனா எடுத்தாள்.

"போடு."

ரெஜிஸ் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கையெழுத்துப் போட்டா கையை ஒடிப்பேன்னியே?"

"இப்ப போடலன்னா ஒடிப்பேன்."

"நதேஜ், உனக்கு வெயில்ல ஏதாச்சும்..."

"அவங்க எனக்கு விட்டுக்குடுக்க வேணாம். விட்டுக்குடுத்து வாங்கின பேரு எனக்கு வேணாம். என் வீட்டுப் பேரு அது. வீட்டுல இருக்கறவ நான். இன்னொருத்தங்களுக்குக் குடுக்கணும்னா நான்தான் குடுக்கணும். போடு!"

ரெஜிஸுக்கு முழுசாகப் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் மூன்று வாரமாகப் போட நினைத்த கையெழுத்து. சட்டென்று போட்டுவிட்டான், அவள் மனது மாறிவிடப் போகிறது என்று பயந்தவன் போல. போட்டுவிட்டு, "நான் ஆட்டத்துக்குப் போகலாமா?" என்றான்.

நதேஜ் தாளோடு திரும்பி வந்தாள். எலியான் அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தாள்.

"இந்தாங்க."

எலியான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். படித்தாள். இந்த முறை நேரம் எடுத்தது.

"நான்தான் வேணாம்னு சொன்னேனே."

"நீங்க வேணாம்னு சொன்னது உங்க பெருந்தன்மை. இது என்னோடது. ரெஜிஸ் போட்டதுன்னு நெனைக்காதீங்க, நான் போடவெச்சேன். ஆயுசு முழுக்க வெச்சுக்குங்க." மூச்சு வாங்கியது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். "எனக்கு உங்களைப் பிடிக்காது. பொறாமையா இருக்கு. கைத்தட்டு, கையெழுத்து, அந்த நரைமுடி, எல்லாத்து மேலயும். இதைக் குடுத்தா போயிடும்னும் நான் நெனைக்கல."

எலியான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முதல் தடவையாக முழுசாகப் பார்ப்பது போல இருந்தது.

"எனக்கும்தான்," என்றாள். "நீங்க கூரைமேல ஏறி ஓடு மாத்தினீங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு ரெண்டு நாள் தூங்கல. நான் இருந்தப்ப வாளி வெச்சுத்தான் சமாளிச்சேன்."

வெளியே யாரோ ஒன்பது கட்டையையும் ஒரே அடியில் சாய்த்துவிட்டார்கள், கூச்சல் எழுந்தது.

எலியான் தாளை நான்காக மடித்தாள். சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டாள். "நன்றி," என்றாள். பாதிச் சொல்தான் வெளியே வந்தது.

நதேஜ் அந்தப் பாதிச் சொல்லுக்காக நின்றாள். வேண்டும் என்றேதான் நின்றாள், முழுசாகக் காதில் விழட்டும் என்று. எலியான் அதைப் புரிந்துகொண்டாள் போல. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெளிவாக, இன்னொரு தடவை சொன்னாள்.

அப்புறம்தான் நதேஜ் காபி ஊற்றப் போனாள்.